தாவரம் பறிக்கப்பட்ட புள்ளி

எங்கள் ஆஷ்வெல் கவுண்டியில், அதாவது எங்கள் சின்ன மாவட்டத்தில், ஒரு கூடை மண்ணை நகர்த்தவும் அனுமதி வாங்க வேண்டும், ஒரு குன்றை நகர்த்தவும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அலைச்சல், ஒரே வரைபடம், ஒரே பொறியாளர் கையெழுத்து. கூடைக்காரர்களுக்கு அது கட்டுப்படியாவதில்லை. குன்றுக்காரர்களுக்கு ஆகிறது. எங்கள் ஊரில் சின்னத் தப்பு எதுவும் நடக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

அனுமதி கொடுப்பது மழைநீர், மண்ணரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டுத் துறை. நீதிமன்றத்துக்குப் பின்னால் செங்கல் கட்டடம். மழை பெய்தால் அதன் வாகன நிறுத்தத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். துறை தோன்றுவதற்கு முன்பே கட்டியது என்பதால் துறையின் சட்டம் அதைத் தொடாது. ஊழியர்கள் ரப்பர் பூட்ஸை மேசைக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்கள்.

இந்தத் துறையிடம் மாட்டிக்கொண்டவர் ரூஃபஸ் பிட்மன். சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சி வெட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் குளிர் அறையில் நின்று சேர்த்ததை வைத்து, ஒரு வருஷம் படுக்கையறை, இன்னொரு வருஷம் சமையலறை, அப்புறம் முன்வாசல் வராந்தா என்று அவரும் மனைவி வெர்னாவும் கட்டிய வீடு அது. வெர்னாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. அந்த வீட்டில் எந்த இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். வேறு வீட்டில் அவளால் நடக்க முடியாது. நான் சாலைக்கு எதிர்ப்பக்கம், மேட்டில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்குத் தண்ணீர் வராது. இந்தக் கதையை இவ்வளவு நிதானமாகச் சொல்ல முடிவது அதனால்தான்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று, முழுக்கப் பைன் மரம். புரூஸ் கெல்லம் என்ற வீட்டுமனைக்காரர் அதை வாங்கி, ‘பைன் நிழல் நகர்’ என்று பலகை வைத்துவிட்டு மரங்களை வெட்டினார். மரம் வெட்டுவதற்குத் துறையின் அனுமதி வேண்டாம். அது வன வளர்ப்பு என்ற தலைப்பில் வருகிறது, வன வளர்ப்புக்கு விலக்கு உண்டு. வெட்டுவது எப்படி வளர்ப்பாகும் என்று ரூஃபஸ் துறைக்குப் போன் போட்டுக் கேட்டார். வளர்க்காத மரத்தை வெட்ட முடியாதே என்று பதில் வந்தது. அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, அது சரிதான் என்று போனை வைத்தார். ரூஃபஸிடம் உள்ள கஷ்டமே அதுதான். யார் எதைச் சொன்னாலும் முதலில் யோசித்துப் பார்ப்பார்.

மரம் போன பிறகு குன்றின் அடிவாரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புத் துணியில் ஒரு வேலி கட்டினார்கள். செம்மண் கரைந்து வந்தால் அந்தத் துணி வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் கீழே விடும் என்பது துறையின் நம்பிக்கை. நம்பிக்கை என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். எங்கள் தேவாலயத்தில்கூட அவ்வளவு உறுதியான நம்பிக்கையை நான் பார்த்ததில்லை.

மார்ச் மாதப் பெருமழையில் செம்மண் குழம்பு துணிக்கு அடியில் புகுந்து, ரூஃபஸ் தக்காளிக்காகக் கொத்தி வைத்திருந்த பாத்திகளை மூடி, பின்வாசல் படி வரை வந்தது. மறுநாள் ஆய்வாளர் கோல்பி வந்தான். நல்ல பையன். சார், மேடம், மிஸ் இல்லாமல் வாய் திறக்க மாட்டான். எங்கள் பக்கம் கல்யாணமான பெண்களுக்கும் மரியாதைக்கு மிஸ்தான். அவன்மேல் யாருக்கும் கோபம் வராது. அதற்காகவே துறை அவனை வெளியே அனுப்புகிறது.

அவன் வேலி நெடுக நடந்து, துணியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். வெர்னா இனிப்புத் தேநீரில் ஐஸ் போட்டுக் கொடுத்தாள்.

“வேலி ரொம்ப நல்லா இருக்கு சார்.”

“வேலி நல்லாத்தான் இருக்கு தம்பி. மண்ணுதான் என் வீட்டுல இருக்கு,” என்றார் ரூஃபஸ்.

“வேலி எங்கயும் விழலையே சார்?”

“விழல.”

“கிழியலையே?”

“கிழியல.”

“அப்போ மண்ணு வந்திருக்க முடியாது சார்.”

வெர்னா காலிலிருந்த செருப்பைக் கழற்றி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அப்போ இது என்ன? சாக்லேட்டா?”

கோல்பி செருப்பை மரியாதையோடு பார்த்தான். “மண்ணுதான் மிஸ் வெர்னா. ஆனா அது உங்க எல்லைக்குள்ள இருக்கு பாருங்க. அப்போ அது உங்க மண்ணு. கொஞ்சம் பத்திரமாப் பிடிச்சு வச்சுக்கோங்க. அடுத்த மழையில கரைஞ்சு ரோட்டுப் பக்கம் போச்சுன்னா, உங்க பேர்லதான் நோட்டீஸ் வரும்.”

தேநீர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

ரூஃபஸ் நேரில் போய்ப் பேசினால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார். அவருடைய வண்டி பழுது, என் வண்டியில் போனோம். துறையின் இயக்குநர் மார்லிஸ் கட்பர்ட் அம்மையார் எங்களை உட்காரவைத்துப் பேசினார். சுவரில் மூன்று விருதுகள் தொங்கின. மூன்றும் துறை தனக்குத்தானே கொடுத்துக்கொண்டவை.

“மிஸ்டர் பிட்மன், எங்க சட்டத்துக்கு உயிரே ஒரே ஒரு வரிதான். கட்டினப்புறம் வர்ற தண்ணி, கட்டறதுக்கு முன்னால வந்ததைவிட ஒரு சொட்டுகூட அதிகமாகக் கூடாது. அந்த வரியை நான்தான் எழுதினேன். எழுதின அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன்.”

“நல்ல வரி மேடம்,” என்றார் ரூஃபஸ். உண்மையாகவே சொன்னார். “ஆனா முன்னால எங்களுக்குத் தண்ணியே வந்ததில்லையே.”

“எதுக்கு முன்னால?”

“மரம் இருந்தப்போ.”

“ஓ. நீங்க சொல்றது முன்னாலுக்கு முன்னால. சட்டத்துல இருக்கற முன்னாலன்னா, விண்ணப்பம் வந்த நாளு. அன்னிக்கு எங்க ஆளு போய்ப் பாத்தாரு. மரம் ஒண்ணும் கிடையாது, மொட்டைச் செம்மண்ணு. மொட்டை மண்ணுல பெய்யற தண்ணி அவ்வளவும் கீழ வரும். அதைவிட இப்போ கம்மியாத்தான் வருது. மிஸ்டர் கெல்லம் உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்காரு.”

“மொட்டையடிச்சதும் அவர்தானே மேடம்?”

“அது வன வளர்ப்பு. வேற துறை.”

ரூஃபஸ் யோசித்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டு, யோசிக்காதீர்கள் என்று காட்டினேன். அதற்குள் அம்மையார் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். “இன்னொண்ணும் சொல்றேன், தைரியமா இருங்க. போன வாரம் பெஞ்சது, நூறு வருஷத்துக்கு ஒருதரம் பெய்யற மழை. கணக்குப்படி இனிமே உங்க ஆயுசுக்கும் கவலையில்ல.”

திரும்பும் வழியில் ரூஃபஸ் ரொட்டிக் கடையில் இறங்கி, வெர்னாவுக்குப் பிடிக்குமே என்று பீச் பழம் வைத்துச் சுட்ட பை ஒன்று வாங்கினார். அதை அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அதேபோல இன்னொரு மழை கொட்டியது. தொலைபேசியில் கோல்பி பொறுமையாக விளக்கினான். “அது வேற நூறு வருஷம் சார். ஒவ்வொரு மழைக்கும் தனித்தனி நூறு வருஷம்.”

கோடையில் குன்றின்மேல் மாதிரி வீடுகள் எழும்பின. வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்காகப் பச்சைப் புல் சுருள்களை விரித்து, காலையிலும் மாலையிலும் அதற்குத் தண்ணீர் பீய்ச்சினார்கள். அந்த மிச்சத் தண்ணீரும் கீழேதான் வந்தது. ரூஃபஸின் பின்கட்டுப் புல்தரையை அது கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தது. ஜூலையில் அங்கே இடுப்பளவு பள்ளம் ஒன்று விழுந்து, மழையில்லாத நாளிலும் அதில் தண்ணீர் நெளிந்து ஓடியது. மழை நாளில் அது கரை மீறி, சமையலறை வழியாக வீட்டுக்குள்ளேயே வந்தது.

ரூஃபஸ் அந்தப் பள்ளத்தில் மண் போட்டு நிரப்பிக்கொண்டிருந்த காலையில்தான் கோல்பி வேலியைப் பார்க்க வந்தான். நானும் அங்கே இருந்தேன், தள்ளுவண்டி பிடித்துக்கொடுக்கப் போயிருந்தேன். பள்ளத்தைக் கண்டதும் பையன் நின்றுவிட்டான்.

“சார், அந்த மம்பட்டியைக் கொஞ்சம் கீழ வைங்க.”

“ஏன் தம்பி?”

“மெதுவா வைங்க சார்.”

ரூஃபஸ் வைத்தார். கோல்பி பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, வேரோடு தொங்கிக்கொண்டிருந்த புல்லை விரலால் தொட்டான்.

“இந்தப் புல்லு எப்படிப் பிஞ்சுது சார்?”

“தண்ணிதான் பிச்சுது.”

“நீங்க பிடுங்கலையே?”

“என் வீட்டுப் புல்லை நான் ஏன்டா பிடுங்குறேன்?”

கோல்பி எழுந்து தொப்பியைக் கழற்றினான். “மழை பெஞ்சு பத்து நாளாச்சு. ஆனாலும் ஓடுது. கரையில தண்ணி புல்லைப் பறிச்சிருக்கு. சட்டத்துல இதுக்கு, தாவரம் பறிக்கப்பட்ட புள்ளின்னு பேரு. அந்தப் புள்ளி எங்க இருக்கோ அங்க ஓடை இருக்கு. சார், இது ஓடை.”

“மேல தண்ணி பீச்சுறானுங்க தம்பி. அதை நிறுத்தினா இதுவும் நின்னுடும்.”

“தண்ணி எங்க இருந்து வருதுன்னு சட்டம் கேக்கறதில்ல சார். நம்ம கவுண்டிக்குப் புது ஓடை வந்து எவ்வளவு காலமாச்சு தெரியுமா?”

பின்வாசலில் வெர்னா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ரூஃபஸ், என்னவாம்?”

“நமக்கு ஓடை பொறந்திருக்காம்.”

“யாரு பெத்தாளாம்?”

“பெத்தவன் மேல இருக்கான்.”

கோல்பி சிரிக்கவில்லை. ஆரஞ்சு நிறக் கொடிகளைக் கரையோரம் நட்டுக்கொண்டே வந்தவன், அளவு நாடாவை இழுத்துச் சமையலறைச் சுவரில் முட்டியதும் முகம் வாடிப்போனான். பறிக்கப்பட்ட புள்ளியிலிருந்து இருபத்தைந்து அடிக்குள் எந்தக் கட்டடமும் இருக்கக்கூடாது. ஓடையின் பாதுகாப்புக்காக அப்படிச் சட்டம். வீடு பதினெட்டு அடியில் இருந்தது.

“ஓடைக்கு இவ்வளவு பக்கத்துல வீட்டைக் கட்டிட்டீங்களே சார்,” என்றான், நிஜமான துக்கத்தோடு.

“நான் ஓடை பக்கத்துல கட்டல தம்பி. ஓடைதான் வீட்டு பக்கத்துல வந்துச்சு.”

“ஓடைக்கு அது தெரியாது சார்.”

ஓடையை மண் போட்டு மூட முயன்றது தனிக் குற்றம். மண்வெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாட்சியப் பொருளாக எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது: ஓடையின் பாதுகாப்பு வளையத்துக்குள் அத்துமீறி நிற்கும் குடியிருப்பை உரிமையாளர் தம் செலவில் அகற்ற வேண்டும், தவறினால் கவுண்டி அகற்றும். குன்றைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. குன்றின் அடிவாரத்தில் வேலி நன்றாகத்தான் இருந்தது.

வெர்னா அதைப் படித்துவிட்டு மகளுக்குப் போன் போட்டாள். மகள் அட்லாண்டாவில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள், இங்கே வந்துவிடுங்கள் என்றாள். மூன்று மாடி ஏறுவதற்கு வெர்னாவிடம் கால் எங்கே இருக்கிறது? எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீரோடைகள்மீது தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஆகஸ்டில் ஓடைக்குப் பெயர் சூட்டு விழா. ரூஃபஸ் வீட்டுப் பின்கட்டில், ரூஃபஸின் நாற்காலிகளைக் கேட்டு வாங்கிப் போட்டு நடத்தினார்கள். கட்பர்ட் அம்மையார் பேசினார். “நாட்டுல எல்லா இடத்துலயும் ஓடைங்க செத்துக்கிட்டிருக்கு. ஆஷ்வெல்லுலதான் ஒண்ணு பொறந்திருக்கு. இது தற்செயலா நடந்ததில்ல. எங்க சட்டம், எங்க ஆய்வு, எங்க கண்காணிப்பு, இது மட்டும் இல்லேன்னா இங்க வெறும் புல்தரைதான் இருந்திருக்கும்.”

கைதட்டினார்கள். அவர் பேசியதில் அந்த ஒரு வாக்கியம் முழு உண்மை என்பதால் நானும் தட்டினேன்.

அடுத்து கெல்லம் எழுந்தார். “நான் சாதாரண வீடு கட்டுறவன். ஓடையைப் படைக்கிறது ஆண்டவன் வேலை. அதுல ஒரு கை கொடுக்க எனக்கு வாய்ப்புக் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்.” ஓடை படைத்தவர் என்ற முறையில் அவருக்குத் துறை ஒரு சலுகை வழங்கியது. கவுண்டியின் வடக்கே, கடை கட்டுவதற்கு இடைஞ்சலாக இருந்த பழைய ஓடை ஒன்றை இதே நீளத்துக்கு அவர் மூடிக்கொள்ளலாம். அந்த ஓடையில் மீன் இருந்தது. இதில் தக்காளிச் செடியின் வேர் கிடந்தது.

பெயர் ‘பிட்மன் ஓடை’ என்று அறிவித்தார்கள். அம்மையார் ரூஃபஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஒரு இடத்துல முன்னால இருந்தவங்க பேரை அந்த இடத்துக்கு வைக்கிறது நம்ம ஊரு வழக்கம் மிஸ்டர் பிட்மன்.”

“நாங்க இன்னும் இருக்கோம் மேடம்.”

“பேரு நிரந்தரம்,” என்றார் அவர்.

மிச்சமிருந்தது விலக்கு வாரியம். பழைய நீதிமன்றக் கூடத்தில் ஐந்து பேர் உயரமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, சட்டத்திலிருந்து யாருக்கு விலக்குத் தரலாம் என்று ஆராய்வார்கள். ரூஃபஸ் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். வெர்னா தன் ஊதா நிறத் தேவாலயத் தொப்பியை வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவரையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு வந்தாள். ரூஃபஸ் சுருக்கமாகப் பேசினார். வீட்டைத் தாங்களே கட்டியது, ஓடை பிறகு வந்தது, வெர்னாவின் கால், போக இடமில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வாரியத் தலைவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். “மனசு கேக்கல மிஸ்டர் பிட்மன். எங்க கையில மட்டும் இருந்தா இப்பவே விட்டுடுவோம். எங்க கையிலதான் இருக்கு, ஆனா சட்டப்படி இல்ல. பாதுகாப்பு வளையத்துக்குள்ள மனுஷங்க இருக்கற வீட்டுக்கு இடமே கிடையாது.”

“அப்போ எதுக்குத்தான் இடம்?” என்று உட்கார்ந்தபடியே கேட்டாள் வெர்னா.

தலைவர் கட்பர்ட் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் எழுந்து சட்டத்தைப் படித்தார். “வடிகால் கட்டுமானத்துக்கு மட்டும் உண்டு. வடிகால் கட்டுமானம் என்பது, ஒரு பக்கம் நுழையும் நீரை மறுபக்கம் கொண்டு சேர்க்கும் குழாய், பாலம், அல்லது எந்தவொரு அமைப்பும்.”

“அப்படின்னா அது எங்க வீடுதான்,” என்றாள் வெர்னா. “சமையக்கட்டு வழியாத் தண்ணி வருது, முன்வாசல் வழியாப் போகுது. நடுவுல நாங்க ரெண்டு அடைப்பு.”

கூடத்தில் நாங்கள் சிலர் சிரித்தோம். மேசைக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை. ஐவரும் தலைகளை ஒன்றாகச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். அம்மையார் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். வெர்னா குத்திக் காட்டத்தான் சொன்னாள். அதை அவர்கள் விண்ணப்பமாக எடுத்துக்கொண்டார்கள்.

“எந்தவொரு அமைப்பும்னுதான் போட்டிருக்கு,” என்றார் ஒரு உறுப்பினர். “வீடுன்னா கூடாதுன்னு போடல.”

பின்வரிசையிலிருந்து கெல்லம் கையைத் தூக்கினார். “வாரியத்துக்கு ஒரு தகவல். என் நகருக்குக் கீழ ஒரு வெளியேற்றுக் குழாய் போடணும்னு துறை கேட்டிருந்தது. இந்த வீடு அந்த வேலையைச் செய்யும்னா நான் ஆட்சேபிக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவறதுல எனக்குச் சந்தோஷம்தான்.”

ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் இறங்கி வந்து வெர்னாவை அணைத்துக்கொண்டார். “வீட்டைக் காப்பாத்திட்டீங்க மிஸ் வெர்னா.” ரூஃபஸ் யோசித்தார். வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகும் யோசித்தார். “வெர்னா,” என்றார் கடைசியில், “நாம ஜெயிச்சுட்டோமா?”

“வண்டியை எடுக்கச் சொல்லு,” என்றாள் அவள்.

மறுநாள் கோல்பி வந்து முன்வாசல் தூணில் ஒரு தகரப் பலகையை அடித்தான். ‘வடிகால் கட்டுமானம்’ என்று கவுண்டி முத்திரையோடு இருந்தது. நிபந்தனைகளை அவனே வாய்விட்டுச் சொன்னான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. “மழை வந்தா ரெண்டு கதவையும் தொறந்து வச்சிரணும் சார். நடுவுல சோபா கீபா இருக்கக்கூடாது, ஓட்டம் தடைபடும். அப்புறம், தண்ணி ஓடறப்போ குழாய்க்குள்ள ஆளு இருக்கக்கூடாது. பசங்க விளையாடி மாட்டிக்கக்கூடாதுன்னு போட்ட சட்டம் மிஸ் வெர்னா. உங்க நல்லதுக்குத்தான்.”

“கதவைச் சாத்தினா?”

“சாத்தினா அடைப்பு. அடைப்பு எடுக்கலேன்னா அனுமதி ரத்து. ரத்தானா இது திரும்ப வீடாயிரும் மேடம்.” வீடாகிவிட்டால் பழைய நோட்டீஸ் திரும்ப உயிர் பெறும்.

செப்டம்பரில், கடற்கரையில் கரையேறிய புயல் ஒன்றின் மிச்சம் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. புதன்கிழமை பிற்பகல் கொட்ட ஆரம்பித்தது. குன்றிலிருந்து செம்மண் நீர் இறங்கி, திறந்திருந்த சமையலறைக் கதவில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, வராந்தாப் படிகளில் இறங்கியது. ரூஃபஸும் வெர்னாவும் சாலையோரம் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே குடைக்குள் நின்றார்கள். நான் போய், என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். வெர்னா வரவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கோல்பி பூட்ஸோடு வந்து, படியில் ஒரு கோலை விட்டு ஓட்டத்தை அளந்தான். “ரொம்ப நல்லா வேலை செய்யுது சார். புதுக் குழாய்கூட இப்படி இழுக்காது.”

“நாங்க எப்ப உள்ள போலாம்?” என்று வெர்னா கேட்டாள்.

“தண்ணி நின்னதும் போலாம் மேடம்.”

“எப்ப நிக்கும்?”

“அது ஓடைங்க மேடம். நிக்காது. நின்னுச்சுன்னா உடனே எங்களுக்குத் தகவல் சொல்லுங்க, யாரோ தடுத்திருப்பாங்க.”

அப்போது வாசல் வழியாக ஒரு தலையணை வந்தது. அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி மெத்தை. அதற்கும் பின்னால் அவளுடைய ஊதாத் தொப்பி, மல்லாந்து, சேறு நிரம்பி, படிப்படியாக இறங்கி வந்தது. ஈஸ்டருக்கும் சாவுக்கும் அவள் வைத்துக்கொள்ளும் தொப்பி அது. காலில் வந்து தட்டியதும் வெர்னா குனிந்து அதை எடுத்தாள். அவள் குனிந்து நான் பார்த்தே வருஷக் கணக்காகிறது. குடையை விட்டு வெளியே வந்தாள். தூணைப் பிடித்து, கைப்பிடியைப் பிடித்து, ஓட்டத்துக்கு எதிராகப் படியேறி உள்ளே போனாள். பின்கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு முன்கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

படிகளில் தண்ணீர் குறைந்து, சொட்டாகி, நின்றது. ஆறு மாதமாக எந்தத் துறையாலும் நிறுத்த முடியாத தண்ணீர். வீட்டைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாகப் போனது.

கோல்பி வண்டிக்குப் போய்த் தொலைபேசியில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அடைப்புன்னு பதிவு பண்ணச் சொல்றாங்க சார். காரணம் போடணும். இலைதழையா, மண்ணா, வேறயா?”

“என் பொஞ்சாதி,” என்றார் ரூஃபஸ்.

கோல்பி ‘வேறு’ என்று குறித்துக்கொண்டான். “அப்போ இது வீடுதான் சார். இடிக்கிற மிஷினுக்குச் சொல்லிட்டாங்க.”

“எப்போ?”

“மழையில தொடமாட்டோம் சார். ஈர மண்ணுல மிஷினு இறங்குனா மண்ணரிப்பு வந்துரும், அது பெரிய தப்பு. மழை விட்டு ஒரு வெயில் காயணும். அப்புறம்தான்.”

ரூஃபஸ் இந்த முறை யோசிக்கவில்லை. குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறி, “வெர்னா, நான்தான்,” என்று கதவைத் தட்டினார். கதவு அவர் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து மூடிக்கொண்டது.

வியாழனும் வெள்ளியும் சனியும் மழை விடவில்லை. ஞாயிறு அதே மழையில் தேவாலயத்துக்கு ரூஃபஸ் தனியாக வந்தார். வெர்னா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வர மறுத்துவிட்டாள். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் வழக்கம்போல, யாருக்காவது ஜெப விண்ணப்பம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு சகோதரி சர்க்கரை நோய்க்குக் கேட்டாள். ஒருவர் சிறையில் இருக்கும் தம்பிக்குக் கேட்டார். ரூஃபஸ் எழுந்து முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மழை விடக்கூடாது,” என்றார். “அவ்வளவுதான். எனக்கும் வெர்னாவுக்கும் மழை விடக்கூடாதுன்னு எல்லாரும் வேண்டிக்கணும்.”

வேர்க்கடலையைப் பிடுங்கி வயலில் போட்டுவிட்டு, புதன்கிழமையிலிருந்து வெயிலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். கடலை முளைவிட ஆரம்பித்திருந்தது. பாஸ்டர் அவர்களைப் பார்த்தார். முதலில் ஆமென் சொன்னது அவர்கள்தான். பிறகு எல்லோரும் சொன்னோம். இன்னொரு பாட்டும் பாடினோம், நீளமான பாட்டு. யாரும் சீக்கிரம் முடிக்க விரும்பவில்லை.

பாட்டு முடிந்து கதவைத் திறந்தபோது படிக்கட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.